பூட்டே சிக்கிக்கொண்டால்?

கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை. ராத்திரியோடு ராத்திரியாக யாரோ ஷட்டர் பூட்டின் சாவித் துவாரத்தில் பசையை ஊற்றிவிட்டுப் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் முதலாளி வருகிறார், சாவி நுழையவில்லை. உள்ளே ஒரு கைக்குட்டைகூடத் திருடு போகவில்லை. கல்லாவில் வைத்த பணம் வைத்தபடி இருக்கிறது. ஸ்டாக் எடுத்தால் கணக்கு நயா பைசா பிசகாது. ஆனால் அன்று தீபாவளிக்கு முந்தின நாள். பூட்டை அறுக்க ஆள் வந்து சேர்வதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. துணி எடுக்க வந்த கூட்டமெல்லாம் எதிர்க்கடைக்குப் போய்விட்டது.

இதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. கணக்குப் புத்தகத்தில் எழுதவும் இடமில்லை. வராத வருமானத்துக்கு வவுச்சர் ஏது? ஆனால் நஷ்டம் நஷ்டம்தான்.

கணினி உலகில் இதற்கு 'டினையல் ஆஃப் சர்வீஸ்' என்று பெயர். தமிழில் 'சேவை மறுப்பு' என்கிறார்கள். பொதுவாக இந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது கூட்டம்தான். ஆயிரக்கணக்கான கணினிகளை ஏவிவிட்டு, ஒரே நேரத்தில் ஒரு தளத்தின் கதவைத் தட்ட வைத்து, நிஜமான வாடிக்கையாளர் உள்ளே வர முடியாதபடி செய்வது. ஆனால் இன்னொரு வகை இருக்கிறது. அதற்குக் கூட்டம் வேண்டாம். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு கடிதம் போதும். அது சிக்க வைப்பது கடையை அல்ல, கடையின் பூட்டை. பாதுகாப்புக்காகவே எழுதப்பட்ட மென்பொருளின் பாதுகாப்புக் கணக்குக்குள்ளேயே அந்தப் பசை போய் ஒட்டிக்கொள்கிறது.

பூட்டு எங்கே இருக்கிறது?

பிரவுசரில் வங்கித் தளத்தைத் திறக்கும்போது, அந்தத் தளம் நிஜமாகவே வங்கியுடையதுதானா, நடுவில் யாராவது ஒட்டுக்கேட்கிறார்களா என்பதையெல்லாம் சரிபார்க்க ஒரு பெரிய கணக்கு நடக்கிறது. இந்தக் கணக்கை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக எழுதிக்கொள்வதில்லை. எழுதவும் கூடாது, தப்பாகத்தான் வரும். அதற்கென்று பொதுவான மென்பொருள் நூலகங்கள் இருக்கின்றன. 'க்ரிப்டோ லைப்ரரி' என்பார்கள். அவற்றில் பிரபலமானது ஓப்பன்எஸ்எஸ்எல். ஆஸ்திரேலியாவில் எரிக் யங், டிம் ஹட்சன் என்ற இருவர் எழுதிய எஸ்எஸ்எல்ஈ என்ற நூலகத்திலிருந்து 1998-ல் கிளைத்தது. இலவசம். அப்பாச்சி, எஞ்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வர்களிலிருந்து வீட்டு மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கும் ரவுட்டர் வரைக்கும் எங்கெங்கோ இருக்கிறது. விண்டோஸுக்கு சிம்க்ரிப்ட் என்று தனியாக ஒன்று உண்டு.

ஆக, ஊரில் இருக்கும் கடைகளில் பாதிக்கு ஒரே கம்பெனிப் பூட்டு. அந்தப் பூட்டில் ஒரு கோளாறு என்றால் எத்தனை ஷட்டர் திறக்காது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

6 என்ற எண் செய்த வேலை

2022 மார்ச் 15 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கண்டுபிடித்தவர் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ அணியைச் சேர்ந்த டேவிஸ் ஒர்மண்டி. கோளாறின் எண் சிவிஇ-2022-0778. விஷயம் இதுதான்: குறிப்பிட்ட விதத்தில் தயாரித்த ஒரு சான்றிதழை ஓப்பன்எஸ்எஸ்எல் கையில் கொடுத்தால், அதைப் படிக்க ஆரம்பிக்கும், ஆனால் படித்து முடிக்காது. சுற்றிக்கொண்டே இருக்கும். ஆளாக வந்து நிறுத்தும்வரை அந்த ப்ராசஸர் வேறு வேலை பார்க்காது.

ஏன் என்பது பள்ளிக்கூடக் கணக்கை வைத்தே புரிந்துகொள்ளக்கூடிய விஷயம்.

'மீதிக் கணக்கு' என்று ஒன்று உண்டு. 7-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வதாக இருந்தால், 3-ன் வர்க்கம் 9, அதன் மீதி 2. ஆக, இந்த உலகத்தில் 2-ன் வர்க்கமூலம் 3. (4-ம்தான். 16-ஐ 7-ஆல் வகுத்தாலும் மீதி 2.) சின்ன எண் என்றால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம். நூற்றுக்கணக்கான இலக்க எண் என்றால்? அதற்கு டொனெல்லி என்ற இத்தாலியர் 1891-ல் ஒரு வழி சொன்னார். அதையே 1973-ல் ஷாங்க்ஸ் என்ற அமெரிக்கர் திருத்தமாக எழுதினார். அந்த டொனெல்லி-ஷாங்க்ஸ் முறைதான் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்குள்ளும் இருக்கிறது. எலிப்டிக் கர்வ் வகைச் சாவிகளில் ஒரு புள்ளியின் இரண்டு ஆயங்களையும் அனுப்பாமல், ஒன்றை மட்டும் அனுப்பி இடத்தை மிச்சம் பிடிப்பது வழக்கம். மற்றதை வர்க்கமூலம் எடுத்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த முறைக்கு ஒரே ஒரு நிபந்தனை. வகுக்கிற எண் பகா எண்ணாக இருக்க வேண்டும். முறையின் நடுவில் ஓர் எண்ணைத் திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தி, எப்போது 1 வருகிறது என்று பார்க்கிற கட்டம் வருகிறது. பகா எண்ணுக்குக் கீழே அந்த 1 வந்தே தீரும், இல்லையென்றால் வர்க்கமூலமே இல்லை என்று தெரிந்துவிடும். உதாரணத்துக்கு 6. 6-ன் வர்க்கம் 36. வகுப்பது 7 என்றால் மீதி 1. வேலை முடிந்தது. அதே 6, வகுப்பது பகா எண்ணாக இல்லாமல் 15 என்றால்? 36-ஐ 15-ஆல் வகுத்தால் மீதி 6. மறுபடி வர்க்கம், மறுபடி 6. இன்னொரு தரம், அப்போதும் 6. யுகம் யுகமாகச் செய்தாலும் 6தான். 1 வரவே வராது.

நிரலை எழுதியவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே போய், எல்லைக்குச் சமமானதும் 'இது தேறாது' என்று வெளியே வந்துவிட ஏற்பாடு செய்திருந்தார்கள். 'சமமானதும்' என்ற வார்த்தையில்தான் சனி உட்கார்ந்திருந்தது. சில சமயம் எல்லையே 1 ஆகிவிடும். எண்ணிக்கையோ 1-ல் ஆரம்பித்து, ஒன்றைக் கூட்டிய பிறகுதான் ஒப்பிட்டுப் பார்க்கும். 2, 3, 4 என்று போகிற எண் 1-க்கு எப்படிச் சமமாகும்? பத்தாவது மைல்கல்லில் இறக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பதினொன்றாவது மைல்கல்லில் பஸ் ஏறியவர் கதி! பகா எண்ணாக இருந்தவரை அந்த நிலைமை வரவே வராது. அதனால் அந்த ஓட்டை பல வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. திருத்தம் சில வரிகள்தான். 'சமமா' என்று கேட்ட இடத்தில் 'இன்னும் எல்லைக்குள் இருக்கிறதா' என்று கேட்டார்கள்.

சரி, பகா எண் அல்லாத எண்ணை உள்ளே அனுப்புவது யார்? அங்கேதான் வேடிக்கை. சான்றிதழ் கொண்டுவருகிற ஆசாமி, 'நான் பயன்படுத்துவது இன்ன பெயருள்ள வளைவு' என்று சொல்லலாம். அல்லது 'என் வளைவு இது, அதற்கான எண்களெல்லாம் இதோ' என்று தானே எழுதிக்கொண்டும் வரலாம். வகுக்கிற எண்ணும் அந்தப் பட்டியலில் அடக்கம். பரீட்சை எழுத வருகிறவனே கேள்வித்தாளையும் கொண்டுவருவது போல.

இணையச் சான்றிதழ்களில் இப்படிச் சொந்தமாக வளைவு எழுதிவரக் கூடாது என்று 2009-லேயே ஆர்எஃப்சி 5480 என்ற தர ஆவணம் தடை போட்டுவிட்டது. ஆனாலும் பழைய கதவு அடைபடவில்லை. இதே மாதிரியான கதவு வழியாகத்தான் 2020 ஜனவரியில் விண்டோஸில் போலிச் சான்றிதழை நிஜம் என்று நம்ப வைக்கும் கோளாறு வெளிவந்தது. அமெரிக்காவின் என்எஸ்ஏ உளவு நிறுவனமே மைக்ரோசாஃப்டிடம் சொன்ன கோளாறு அது. அங்கே ஏமாற்று வேலைக்கு உதவிய கதவு, இரண்டு வருடம் கழித்து இங்கே பசை ஊற்ற உதவியது.

முன்பின் தெரியாதவருக்கு உழைப்பது

2022 கோளாறில் எல்லாவற்றையும்விட முக்கியமான வரி அறிவிப்பின் நடுவில் இருக்கிறது. சான்றிதழைப் பிரித்துப் படிப்பது, அதிலுள்ள கையொப்பத்தைச் சரிபார்ப்பதற்கு முன்னால் நடக்கிறது. அதாவது, தாக்க வருகிறவரிடம் நல்ல சான்றிதழ் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம். கிறுக்கி எடுத்து வந்தால் போதும், நூலகம் அதைப் படிக்கும். படித்தால் மாட்டிக்கொள்ளும். வாடிக்கையாளரிடம் சான்றிதழ் கேட்கும் சர்வர்கள், மோசமான தளத்துக்குத் தெரியாமல் போய்விடும் பயனர்கள், வாடிக்கையாளரின் சான்றிதழை வாங்கிப் பொருத்தித் தரும் ஹோஸ்டிங் கம்பெனிகள், ஏன், சான்றிதழ் வழங்கும் அமைப்புகளே கூடப் பட்டியலில் இருந்தன.

'முதலில் கையொப்பத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் படித்தால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். முடியாது. கையொப்பம் எங்கே இருக்கிறது, எந்த முறையில் போட்டது என்பதெல்லாம் அந்தக் காகிதத்துக்குள்தான் எழுதியிருக்கிறது. அதைப் படிக்காமல் சரிபார்க்க வழியில்லை. வாசலில் நிற்கிற காவலாளி, வந்தவர் நல்லவரா கெட்டவரா என்று தெரிந்துகொள்ள அவர் நீட்டும் கடிதத்தை வாங்கிப் படித்தே ஆக வேண்டும். கடிதம் ஆயிரம் பக்கம் இருந்தால்? முடிவே இல்லாமல் எழுதியிருந்தால்? காவலாளி படித்துக்கொண்டே இருப்பார், வாசலில் வரிசை நீளும்.

இந்த வகைக் கோளாறுகளுக்கெல்லாம் வேர் இதுதான். நம்பிக்கை பிறப்பதற்கு முன்னால் உழைக்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பு எவ்வளவு என்பதை நிர்ணயிப்பவர், இன்னும் நம்பத் தகுந்தவரா என்று தெரியாத அந்த ஆசாமி.

இதே ஒர்மண்டி 2019-லேயே விண்டோஸின் சிம்க்ரிப்டில் இதன் அண்ணன்காரனைக் கண்டுபிடித்திருந்தார். அது வர்க்கமூலம் அல்ல, தலைகீழ் எண் காணும் கணக்கு. குறிப்பிட்ட சில எண்களைக் கொடுத்தால் அதுவும் முடிவில்லாமல் சுற்றும். அந்த எண்களைச் சான்றிதழுக்குள் பொதித்து அனுப்பலாம். ப்ராஜெக்ட் ஜீரோவின் வழக்கப்படி திருத்தத்துக்குக் கொடுக்கும் கெடு 90 நாள். ஜூன் மாத அப்டேட்டில் திருத்தம் வரவில்லை. கெடு தாண்டியதும், ஜூன் 11 அன்று, விஷயத்தைப் பகிரங்கமாக எழுதிவிட்டார். ஜூலையில் மைக்ரோசாஃப்ட் திருத்தியது. அவர் சுட்டிக்காட்டிய ஒரு விஷயம் ரசமானது. வருகிற கோப்புகளையெல்லாம் திறந்து சோதிக்கும் ஆன்டிவைரஸ் மென்பொருள்களும் இந்தக் கணக்கைத்தான் கூப்பிடுகின்றன. எனவே அவையும் சேர்ந்து உறைந்துபோகும். யார் அதிக ஜாக்கிரதையாக இருக்கிறார்களோ அவர்களுக்கு அதிக அடி!

முடிவில்லாமல் சுற்றத்தான் வேண்டும் என்பதும் இல்லை. அப்படியே விழுந்துவிடலாம். 2021 மார்ச்சில் வெளிவந்த ஓர் ஓப்பன்எஸ்எஸ்எல் கோளாறு அப்படிப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் நோக்கியா ஊழியர்கள். டிஎல்எஸ் 1.2 உரையாடலில் 'மறுபடி பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளலாமா' என்று கேட்கும் ஒரு செய்தியில், முதல் தடவை இருந்த ஒரு பகுதியை விட்டுவிட்டு அதன் தம்பியை மட்டும் அனுப்பினால், சர்வர் இல்லாத முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டி அந்த இடத்திலேயே மயங்கி விழுந்துவிடும். அந்த மறு பேச்சுவார்த்தை வசதி, வேண்டாம் என்று அணைக்காதவரை இயங்கிக்கொண்டிருந்த ஒன்று.

மெதுவாகக் கொல்லும் கணக்கு

இன்னொரு ரகம், சுற்றவும் சுற்றாது, விழவும் விழாது. முடியும், ஆனால் ரொம்ப நேரம் எடுக்கும். 2023 முழுக்க ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இப்படி வரிசையாக வந்தன.

மே மாதம் வந்தது ஓர் அடையாள எண்ணை எழுத்தாக மாற்றும் பகுதியில். சான்றிதழ்களுக்குள் புள்ளி வைத்த நீளமான எண்கள் வரும். அவற்றை மனிதர் படிக்கும்படி மாற்றுகிற வேலைக்கு ஆகும் நேரம், நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடியது. பத்து மடங்கு நீளம் என்றால் நூறு மடங்கு நேரம். நூறு மடங்கு நீளம் என்றால் பத்தாயிரம் மடங்கு. கூட்டு வட்டிக் கணக்குப் போட்டவர்களுக்கு இந்த மாதிரி எண்கள் எப்படி ஏறும் என்று சொல்லித்தர வேண்டாம். திருத்தம் என்ன தெரியுமா? 586 பைட்டுக்கு மேல் இருந்தால் மாற்றித் தர மாட்டேன் என்று சொல்லிவிடுவது. அவ்வளவுதான்.

ஜூலையில் டிஃபி-ஹெல்மன் முறையின் எண்களைச் சரிபார்க்கும் பகுதியில் ஒன்று. 10,000 பிட்டுக்கு மேற்பட்ட எண்ணை வைத்துச் சாவி தயாரிக்க மாட்டேன் என்று நூலகம் ஏற்கெனவே மறுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் 'இந்த எண் சரியா' என்று பார்க்கும் பகுதி, எண் எத்தனை பெரிதாக இருந்தாலும் உட்கார்ந்து பொறுமையாகச் சோதித்தது. எப்படியும் வாங்கப்போவதில்லை என்று தெரிந்த புடவையை ஒரு மணி நேரம் பிரித்துப் பார்ப்பது மாதிரி. 32,768 பிட் என்று எல்லை போட்டார்கள். அதே மாதக் கடைசியில், அதே பகுதியில், பக்கத்திலிருக்கும் இன்னோர் எண் வழியாகவும் இதையே செய்யலாம் என்று தெரிந்தது. அதையும் அடைத்தார்கள். நவம்பரில் அதன் சொந்தக்காரப் பகுதி ஒன்றில் மூன்றாவது முறை. ஒரே ஓட்டை, மூன்று ஒட்டு.

இந்த மூன்றுக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் குழு கொடுத்த தீவிரத் தரம் 'குறைவு'. காரணம், அந்தப் பகுதியை வெளியார் தரும் எண்களோடு கூப்பிடும் மென்பொருள்கள் குறைவு. நியாயமான காரணம்தான். அதே நேரம், எதற்கும் ஓர் எல்லை வைக்க வேண்டும் என்ற சின்ன விஷயம் எத்தனை இடத்தில் விட்டுப்போகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கோளாறு நிரலில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2011-ல் 'தி ஹாக்கர்ஸ் சாய்ஸ்' என்ற குழு ஒரு கருவியை வெளியிட்டது. பாதுகாப்பான இணைப்பு ஒன்றை ஆரம்பிக்கும் கணக்கில் சர்வருக்கு ஆகும் வேலை, வாடிக்கையாளருக்கு ஆவதைப்போல 15 மடங்கு என்பது அவர்கள் வாதம். ஒரே இணைப்புக்குள் 'மறுபடி ஆரம்பி, மறுபடி ஆரம்பி' என்று கேட்டுக்கொண்டே இருந்தால், ஒரு சாதாரண லேப்டாப்பே பெரிய சர்வரை மூச்சு வாங்க வைக்கலாம். இதில் நிரல் எந்தத் தப்பும் செய்யவில்லை. கேட்பவருக்கு மலிவு, கொடுப்பவருக்கு விலை அதிகம். அந்த வித்தியாசத்தில் பிழைப்பதுதான் தாக்குதல். 2018-ல் வந்த டிஎல்எஸ் 1.3-ல் அந்த மறு பேச்சுவார்த்தையையே எடுத்துவிட்டார்கள்.

2024 பிப்ரவரியில் வெளியான 'கீட்ராப்' இன்னும் ஒரு படி மேல். டொமைன் பெயர்களைத் தேடித் தரும் டிஎன்எஸ் முறைக்குக் கையொப்பப் பாதுகாப்புச் சேர்த்ததுதான் டிஎன்எஸ்செக். ஒரு பதிலில் பல சாவிகளும் பல கையொப்பங்களும் இருக்கலாம். எந்தச் சாவிக்கு எந்தக் கையொப்பம் என்று சொல்ல 16 பிட்டில் ஒரு குறியீடு உண்டு. வேண்டுமென்றே எல்லாச் சாவிக்கும் ஒரே குறியீடு வருகிற மாதிரி தயாரித்துவிட்டால், விதிப்படி ஒவ்வொரு சாவியையும் ஒவ்வொரு கையொப்பத்தோடும் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒன்றாவது பொருந்திவிடாதா என்ற நல்லெண்ணம்! ஜெர்மனியின் அத்தேனே மைய ஆய்வாளர்கள் செய்துகாட்டியதில், ஒரே ஒரு பாக்கெட் சில மென்பொருள்களை 16 மணி நேரம் வரை முடக்கிப் போட்டது. இந்த தாராளம் 1999-ன் தர ஆவணத்திலேயே எழுதியிருந்தது. ஆக, நிரல் எழுதியவர்கள் விதியை மீறியதால் வந்த கோளாறு அல்ல இது. விதியை ஒழுங்காகப் பின்பற்றியதால் வந்தது. திருத்தம்? இத்தனை தடவைக்கு மேல் முயற்சி செய்ய மாட்டேன் என்று ஒரு எல்லை.

'ஒன்றும் திருடு போகவில்லையே!'

சேவை மறுப்புக் கோளாறு என்றதும் பலர் காட்டும் அலட்சியம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். ரகசியம் வெளியே போகவில்லை, கணக்கு மாறவில்லை, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், அப்புறம் என்ன?

முதல் பதில், தீபாவளிக்கு முந்தின நாள் கடை. கடைசித் தேதியில் விண்ணப்பம் அனுப்புகிறவருக்கும், ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்ட்டரில் நிற்பவருக்கும் 'நாளைக்கு வாங்க' என்பது பதில் அல்ல. பாதுகாப்புப் பாடத்தில் ரகசியம், நேர்மை, கிடைத்தல் என்று மூன்றையும் சமமாகத்தான் எழுதிவைத்திருக்கிறார்கள். படிப்பவர்கள்தான் மூன்றாவதைச் சாய்ஸில் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது பதில் இன்னும் முக்கியம். பூட்டு அடிக்கடி சிக்கிக்கொண்டால் கடைக்காரர் என்ன செய்வார்? இரண்டு நாள் பார்ப்பார், மூன்றாம் நாள் பூட்டாமலே போய்விடுவார். மென்பொருளிலும் இதுதான் நடக்கிறது. சரிபார்ப்பு வேலை செய்யாதபோது, சரிபார்க்காமலே உள்ளே விட்டுவிடும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. ஒரு சான்றிதழ் ரத்தாகிவிட்டதா என்று கேட்டறிய ஓசிஎஸ்பி என்ற முறை இருந்தது. கேட்ட இடத்திலிருந்து பதில் வராவிட்டால் பெரும்பாலான பிரவுசர்கள் 'சரி, போகட்டும்' என்று அனுமதித்தன. பதில் சொல்லும் இடத்தை முடக்கிவிட்டால் ரத்தான சான்றிதழும் செல்லுபடியாகிவிடும் என்று இதற்கு அர்த்தம். ஆடிட்டர் லீவு என்பதால் வவுச்சரெல்லாம் தானாக பாஸாகிற ஆபீஸ் மாதிரி. சேவை மறுப்பு எப்போதும் வாசலோடு நின்றுவிடும் என்று சொல்வதற்கில்லை. சில சமயம் அது அடுத்த திருட்டுக்கு முன்வேலை.

செலவுக் கணக்கு

இவ்வளவும் படித்துவிட்டு, ஓப்பன்எஸ்எஸ்எல் எழுதியவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று நினைத்தால் அது அநியாயம். 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரிய கோளாறு வெடித்தபோதுதான் உலகம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. (அது சேவை மறுப்பு அல்ல, ரகசியம் கசிந்த கதை.) அப்போது வெளியே தெரிந்த கணக்கு: இணையத்தின் பெரும்பகுதி சாய்ந்துகொண்டிருந்த இந்தத் திட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர். முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். கோடிகோடியாகச் சம்பாதித்த கம்பெனிகளின் லாப நஷ்டக் கணக்கில் 'பூட்டுச் செலவு' என்று ஒரு வரியும் கிடையாது. இலவசமாகக் கிடைப்பதற்கு யார் பில் போடுவார்கள்?

அதன் பிறகு லினக்ஸ் ஃபவுண்டேஷன் வழியாகப் பெரிய கம்பெனிகள் பணம் போட்டன. ஆட்கள் வந்தார்கள். 2016-ல் கூகுள் ஓஎஸ்எஸ்-ஃபஸ் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. தாறுமாறான உள்ளீடுகளை இடைவிடாமல் ஊட்டிவிட்டு எங்கே திணறுகிறது என்று பார்க்கும் இயந்திரம் அது. இப்போது வருடா வருடம் கோளாறுப் பட்டியல் வருவதைப் பார்த்து 'முன்பைவிட மோசமாகிவிட்டது' என்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறு. ஆடிட் நடக்காத கம்பெனியில்தான் எல்லாக் கணக்கும் சரியாக இருக்கும்.

2022-ன் திருத்தத்தையும், 2023-ன் 586 பைட்டையும், 32,768 பிட்டையும், கீட்ராப்பின் எல்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வாக்கியம்தான். 'இதற்கு மேல் முடியாது.' அந்த வாக்கியத்தைச் சொல்ல உயர் கணிதம் வேண்டாம். எவ்வளவு உழைப்பு, யாருக்காக, எந்தக் கட்டம் வரை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளும் புத்தி வேண்டும். பழைய மளிகைக் கடைக்காரருக்கு அது இருந்தது. புது ஆளுக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று அவருக்குத் தெரியும். நல்லவராகவே இருந்தாலும் முதல் நாளே மூட்டையைத் தூக்கிக் கொடுக்க மாட்டார். அதற்காக எல்லோரையும் விரட்டிவிடவும் மாட்டார், விரட்டினால் வியாபாரம் நடக்காது.

க்ரிப்டோ நூலகமும் அப்படித்தான் கடை நடத்த வேண்டியிருக்கிறது. வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரின் கடிதத்தையும் மரியாதையாக வாங்கிப் பிரிக்க வேண்டும். ஆனால் பிரிப்பதற்கு முன்னால் உறையின் கனத்தைக் கையில் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

பி.கு.: ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.1.1 வரிசைக்கான இலவச ஆதரவு 2023 செப்டம்பர் 11-ஓடு முடிந்துவிட்டது. காலேஜ் ப்ராஜெக்டுக்காக எப்போதோ ஏற்றிய சர்வர் எங்காவது ஓடிக்கொண்டிருந்தால், அதில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. பழசாக இருந்தால் அப்டேட், தேவையில்லை என்றால் அணைத்துவிடலாம். திறக்காத கடைக்குப் பூட்டு வாங்க வேண்டியதில்லை.